வீட்டு டயாலிசிஸ் வேண்டாம் என்ற நோயாளி: ஒரு நிகழ்வு ஆய்வு

சிறுநீரக நோய் முற்றிய ஒருவர் "வீட்டு டயாலிசிஸ் வேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்கிறேன்" என்று சொன்னால், அதை அவருடைய தேர்வு என்று எழுதிவைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது எளிது. அந்தப் பதில் எதிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டபோது என்ன தெரியவந்தது என்பதைச் சொல்லத்தான் ஒரு செவிலியாக இந்த நிகழ்வை முழுதாக எழுதுகிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியின் நிலை

52 வயதுப் பெண். வீட்டிலேயே தையல் தொழில். கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில். ஒரே மகன், கல்லூரியில் படிக்கிறான். 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், 10 ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு. விழித்திரை பாதிப்புக்கு இரண்டு கண்ணிலும் லேசர் சிகிச்சை நடந்திருக்கிறது. கண்ணாடி போட்டால் ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது, பொடி எழுத்து படிப்பது மட்டும் சிரமம். மகன் பிறந்தது சிசேரியனில். வயிற்றில் வேறு அறுவை இல்லை, குடலிறக்கமும் இல்லை.

எங்களிடம் வந்தபோது, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 17. அதாவது நான்காம் நிலையின் கடைசிப் பகுதி. 15க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. சிறுநீரில் புரதம் கசிவதைக் காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் கிராமுக்கு 2,400 மில்லிகிராம். ஹீமோகுளோபின் 9.8, பொட்டாசியம் 5.3, பைகார்பனேட் 19. ஒரு நாளைக்கு 1.2 லிட்டர் அளவுக்குச் சிறுநீர் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இது பெரிய உதவியாக இருந்தது. வயது, பாலினம், இஜிஎஃப்ஆர், அல்புமின் விகிதம் ஆகிய நான்கையும் வைத்து, இரண்டு ஆண்டுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் சூத்திரம் உண்டு. அதில் இவருக்கு வந்த எண் 40 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சிகிச்சை முறைகளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டிய கட்டத்தை அறிய அந்த 40 சதவீதத்தையே ஓர் அளவாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது சிறுநீரக நோய்க்கான கேடிகோ பன்னாட்டு வழிகாட்டுதலின் 2024 பதிப்பு. ஆக, இவருக்கு அதுதான் சரியான நேரம்.

முதல் விளக்கம்

முன்பு சிகிச்சை பெற்ற இடத்தில் இவருக்கு ஏற்கெனவே விளக்கம் சொல்லியிருந்தார்கள். மகனோடு உட்காரவைத்து, திரையில் படங்களோடு, ஒரு மணி நேரம். மருத்துவமனை இயந்திரத்தில் ரத்த டயாலிசிஸ், வயிற்றறைக்குள் குழாய் வழியாகத் திரவத்தை விட்டு, கழிவு சேர்ந்ததும் வடித்து மாற்றும் வயிற்று டயாலிசிஸ் (இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்), வீட்டில் செய்துகொள்ளும் ரத்த டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், டயாலிசிஸே இல்லாமல் தொந்தரவுகளை மட்டும் குறைக்கும் சிகிச்சை என்று ஐந்தையும் சொன்னார்கள். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு கையேடு. "புரிந்ததா?" என்று கேட்டார்கள், "புரிந்தது" என்றார். கோப்பில் இரண்டு வரி ஏறியது: முறைகள் விளக்கப்பட்டன, வீட்டு டயாலிசிஸ் வேண்டாம் என்கிறார்.

சொன்ன தகவலில் தப்பு இல்லை. ஆனால் யூரியா ஏறிய உடம்பில் களைப்பும் மந்தமும் இருக்கும். ஒரே மூச்சில் ஐந்து முறைகளைக் கேட்டு, எடைபோட்டு, வாழ்நாள் முழுவதையும் பாதிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது திடமாக இருக்கிறவருக்கே கஷ்டம். வெள்ளை உடுப்பு போட்டவர் "புரிந்ததா?" என்று கேட்கும்போது "இல்லை" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

தனியாகப் பேசியபோது

நான் அவரைத் தனியாகச் சந்தித்தேன். மகனை வெளியே இருக்கச் சொன்னது வேண்டுமென்றே. டயாலிசிஸ் பேச்சையே எடுக்காமல், "உங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்கம்மா" என்று தொடங்கினேன். அவர் தையலைப் பற்றிப் பேசினார். காலையில் வெட்டு, மதியத்துக்கு மேல் தையல், கண் அசதியானால் கொஞ்ச நேரம் படுப்பது. சொன்ன தேதிக்குத் துணியைக் கொடுத்துவிடுவார் என்ற பெயர்தான் தன் சொத்து என்றார். அப்புறம் கேட்டேன்: "டயாலிசிஸ் ஆரம்பிச்சா உடம்புக்கு என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"ஆஸ்பத்திரி மெஷின்ல போட்டா கொஞ்ச நாள்ல கிட்னி தேறிடும். வீட்டுல செய்யறது, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அனுப்பிவிடறவங்களுக்குத்தானே சிஸ்டர்?"

ஒரு மணி நேர விளக்கத்துக்குப் பிறகும் அவர் மனதில் இருந்த படம் இது. ஒன்று குணமாக்கும், இன்னொன்று கைவிடப்பட்டவர்களுக்கு. இந்தப் படத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் சொன்ன பதில் மிகச் சரியான பதில்! அவருக்கு விவரம் போதவில்லை என்று இன்னொரு மணி நேரம் படம் காட்டியிருந்தால் அதுவும் இந்த நம்பிக்கையின் மேலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம் மெதுவாக வந்தன. தூரத்து உறவினர் ஒருவர் வயிற்று டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தபோது கிருமி தொற்றி இறந்துபோனார். இன்னொன்று மகன் சம்பந்தப்பட்டது. "வீட்டுல செய்யணும்னா நான் காலேஜை நிறுத்திட்டு அம்மாவைப் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டான். அவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது நான் வேற என்ன சொல்வேன்?" என்றார். வீட்டு டயாலிசிஸ் என்றால் இன்னொருவர் கூடவே இருந்து செய்ய வேண்டும் என்று அவர், கணவர், மகன் மூவருமே நினைத்திருந்தார்கள். மகனைக் காப்பாற்றத்தான் அந்த "வேண்டாம்".

தவறான படத்தைத் திருத்தியது

முதலில் ஒன்றை நேராகச் சொன்னேன். எந்த டயாலிசிஸும் சிறுநீரகத்தைக் குணமாக்காது. சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரமும் ஓயாமல் செய்கிற வேலையை, மருத்துவமனை இயந்திரம் வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்று 12 மணி நேரத்தில் ஓரளவு செய்கிறது. வயிற்று டயாலிசிஸ் நாள் முழுதும் மெதுவாக, அதே போல ஓரளவு செய்கிறது. இரண்டுமே முழு ஈடு அல்ல. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அழுதார். இந்தச் செய்தியை யாரோ ஒருவர் சொல்லியே ஆக வேண்டும். அதைச் சொல்லாமல் முறைகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

அடுத்த முறை அவரே கேள்விகளோடு வந்தார். "இது புதுசா? எங்களை வச்சு சோதனை பண்றாங்களா?" நல்ல கேள்வி. வீட்டில் டயாலிசிஸ் செய்வது 1960களிலேயே சியாட்டிலிலும் லண்டனிலும் தொடங்கிவிட்டது, இன்றைய இயந்திரங்களோடு ஒப்பிடவே முடியாத கருவிகளை வைத்துக்கொண்டு. வயிற்று டயாலிசிஸை நடமாடிக்கொண்டே செய்யும் சிஏபிடி முறையை போபோவிச், மான்கிரீஃப் ஆகியோரின் குழு 1976இல் அறிவித்தது. ஹாங்காங்கில் 1985 முதல், டயாலிசிஸ் தேவைப்படுகிறவர்களுக்கு வயிற்று டயாலிசிஸையே முதலில் கொடுப்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் "அப்போ கைவிட்டவங்களுக்கு இல்ல" என்று அவரே சொன்னார்.

எது நீண்ட நாள் வாழவைக்கும் என்றும் கேட்டார். மொத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதே நேர்மையான பதில். சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட நெதர்லாந்தில் ஓர் ஆய்வு முயன்றது. 2003இல் வெளியான அந்த ஆய்வில் சீட்டு முடிவை ஏற்கச் சம்மதித்தவர்கள் வெறும் 38 பேர். மற்றவர்கள் தங்கள் விருப்பத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இதை நான் எல்லா நோயாளிகளிடமும் சொல்வதுண்டு. ஒழுங்காக விளக்கிச் சொன்னால் மக்களுக்கு இதில் திடமான விருப்பம் வந்துவிடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உறவினரின் மரணத்தை மழுப்பவில்லை. வயிற்றறையில் கிருமித் தொற்று வரலாம், உயிருக்கு ஆபத்தாகவும் முடியலாம். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.4 தடவைக்கு மேல் போகக் கூடாது, அதாவது சராசரியாக இரண்டரை ஆண்டில் ஒரு தடவையைத் தாண்டக் கூடாது என்பது வயிற்று டயாலிசிஸுக்கான பன்னாட்டுச் சங்கம் 2022இல் வைத்த அளவுகோல். பெரும்பாலான தொற்றுகள் சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தில் அடங்கிவிடும். மருத்துவமனை முறைக்கும் அதன் ஆபத்துகள் உண்டு. கழுத்தில் போடும் கதீட்டர் என்ற குழாய் வழியாக ரத்தத்தில் தொற்று ஏறலாம். டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். வாரத்தில் ஒரு முறை வரும் இரண்டு நாள் இடைவெளி உடம்புக்குக் கடினமானது. இரண்டு பக்கமும் சொன்ன பிறகுதான் அவர் முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. ஒரு முறையை விற்கிற மாதிரி பேசியிருந்தால் அந்த உறவினரின் மரணம் எங்கள் இருவருக்கும் நடுவிலேயே நின்றிருக்கும்.

எடைபோட்டது

ஒரு தாளில் அவருடைய ஒரு வாரத்தை எழுதச் சொன்னேன். அதன் மேல் ஒவ்வொரு முறையாக வைத்துப் பார்த்தோம். மருத்துவமனை டயாலிசிஸ் மூன்று பகல்களை எடுத்துக்கொண்டது. போய்வரும் நேரமும், அன்று மாலைக் களைப்பும் சேர்த்து. சிஏபிடியில் ஒரு நாளைக்கு நான்கு தடவை இரண்டு லிட்டர் திரவத்தை மாற்ற வேண்டும், தடவைக்கு அரை மணி முதல் நாற்பது நிமிடம். நடுவில் உள்ள நேரத்தில் தைக்கலாம். இரவில் இயந்திரம் வைத்துச் செய்யும் ஏபிடி எட்டு முதல் பத்து மணி நேரம் எடுக்கும், பகல் முழுதும் கிடைக்கும். ஆனால் படுக்கையோடு கட்டிப்போட்ட மாதிரி இருக்குமே என்று தயங்கினார். வீட்டில் செய்யும் ரத்த டயாலிசிஸுக்குத் தண்ணீர்ச் சுத்திகரிப்பு, மின்சாரம், தனக்குத் தானே ஊசி ஏற்றிக்கொள்வது என்று தேவைகள் அதிகம். ஊசியைக் கேட்டதுமே அதைத் தாளிலிருந்து அடித்துவிட்டார். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பரிசோதனைகளைத் தனியாகத் தொடங்கினோம். அது டயாலிசிஸ் முடிவை எந்த விதத்திலும் தடுக்காது.

வயிற்று டயாலிசிஸில் மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாடு பொதுவாகக் கூடுதல் காலம் தங்குகிறது. 1.2 லிட்டர் சிறுநீர் போகிற ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மூன்று மாற்றங்களோடு தொடங்கி, சிறுநீர் குறையும்போது நான்காக்கலாம். சாப்பாட்டில் பொட்டாசியக் கட்டுப்பாடும் பெரும்பாலும் தளரும். மறுபக்கத்தில், திரவத்தில் உள்ள குளுக்கோஸ் உடம்பில் சேரும். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் அளவு மாறலாம், எடை கூடலாம். தினமும் 5 முதல் 10 கிராம் புரதம் திரவத்தோடு வெளியே போய்விடும், அதை உணவில் ஈடுகட்ட வேண்டும்.

கடைசியாக, "வீட்டுக்குப் போய் உங்க வீட்டுக்காரர்கிட்ட இதை எப்படிச் சொல்வீங்க? என்கிட்டயே சொல்லிக்காட்டுங்க" என்றேன். "புரிந்ததா?" என்ற கேள்விக்குப் பதிலாக நான் எப்போதும் கேட்பது இதுதான். அவர் சொன்னதில் ஒரே ஒரு இடம் பிசகியிருந்தது: குழாயைத் தினமும் குத்தி எடுப்பார்கள் என்று நினைத்திருந்தார். அது வயிற்றிலேயே நிலையாக இருக்கும் என்று தொட்டுக் காட்டினேன்.

கையில் எடுத்தபோது

பயிற்சிக்கு முன்பே, முடிவு எடுப்பதற்கும் முன்பே, திரவப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டேன். வயிற்றில் கட்டிக்கொள்ளும் துணியில் மாதிரிக் குழாய் தைத்து வைத்திருப்போம். கை கழுவி, முகக்கவசம் போட்டு, மூடியைக் கழற்றி, நுனி எதிலும் படாமல் இணைக்க வேண்டும். செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஊசில நூல் கோக்கறதை விட இது பெரிசாத்தான் இருக்கு." வருடக்கணக்காக நுட்பமான வேலை செய்த கைகள் அவை. படிப்பு குறைவு, பார்வை குறைவு, உதவிக்கு ஆள் இல்லை என்று தாளில் எழுதியதை வைத்து "இவருக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டுகிற வழக்கம் எங்கள் துறையில் இன்னும் இருக்கிறது. அந்தக் கைகளைப் பார்க்காமல் அதைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பார்வைக் குறைவைப் புறக்கணிக்கவும் கூடாது. பையில் அச்சிட்டிருக்கும் குளுக்கோஸ் அளவு 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று மாறும். மாற்றிப் போட்டால் உடம்பிலிருந்து இறங்கும் நீரின் அளவே மாறிவிடும். அளவைக் காட்டும் நிற அடையாளத்தைப் பழக்கினோம், காலாவதித் தேதி பார்க்க ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி. தொற்றைக் காட்டும் கலங்கலைக் கண்டுபிடிக்க, வடிந்த பையின் பின்னால் பெரிய எழுத்துத் தாளைப் பிடித்துப் படித்துப் பார்ப்பது.

சிஏபிடியைத் தொடர்ந்து செய்துவரும் ஒரு பெண்ணோடு பேசவும் ஏற்பாடு செய்தேன். அவர்கள் பேசும்போது நான் கூட இருக்கவில்லை. உடுப்பில் குழாய் தெரியுமா, கணவர் முகம் சுளிப்பாரா என்பதையெல்லாம் எங்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் குடும்பத்தை உட்காரவைத்தேன். மகனிடம் அவரே சொன்னார்: "நானே செய்துக்குவேன். நீ காலேஜுக்குப் போ. பெட்டி தூக்க மட்டும் வா." திரவப் பைகள் வரும் பெட்டிகளைத் தூக்குவது உண்மையிலேயே பெரிய வேலை. நான்கு மாற்றம் என்றால் மாதத்துக்கு 120 பை, சுமார் 240 கிலோ திரவம்.

வீட்டைப் பார்த்தது

வீட்டுக்குப் போனபோது, அவர் மனதில் வைத்திருந்த இடம் தையல் அறை. வேலையை விட்டு எழ வேண்டாமே என்ற எண்ணம். அங்கே காற்றில் பஞ்சுத் தூசி, தலைக்கு மேல் மின்விசிறி. திரவம் மாற்றும் நேரத்தில் விசிறி ஓடக் கூடாது, கதவும் சன்னலும் மூடியிருக்க வேண்டும், தூசி இருக்கவே கூடாது. படுக்கையறையின் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தோம். தோளுக்கு மேல் பையைத் தொங்கவிட ஒரு கொக்கி, துடைக்கக்கூடிய சின்ன மேசை, பெட்டிகளைத் தரையில் படாமல் அடுக்க ஒரு பலகை.

தொடக்கமும் தொடர்ச்சியும்

இஜிஎஃப்ஆர் 15க்குக் கீழே போனதும் டயாலிசிஸைத் தொடங்கிவிடவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை வைத்துச் செய்த ஐடியல் ஆய்வு, 2010இல் வெளியானது, சீக்கிரம் தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டியது. ஆகவே தயாராவது முன்கூட்டியே, தொடங்குவது தேவை வரும்போது. இந்த வேறுபாட்டை நோயாளிக்குச் சொன்னால் பாதிப் பயம் குறைகிறது. "இப்பவே போட்டுடுவாங்களோ" என்று பயந்து பரிசோதனைக்கே வராமல் இருப்பவர்கள் உண்டு. இவருக்கு இஜிஎஃப்ஆர் 8ஐ ஒட்டி, குமட்டலும் பசியின்மையும் கூடியபோது வயிற்றில் கதீட்டர் வைத்தோம். சிசேரியன் தழும்பு தடையாக இல்லை. புண் ஆற இரண்டு வாரம் விட்டு, அந்த நாட்களில் பயிற்சியை முடித்து, மூன்று மாற்றங்களோடு தொடங்கினார். நெருக்கடியில் கழுத்துக் குழாயோடு தொடங்கியிருந்தால் இது எதற்கும் நேரம் இருந்திருக்காது. அப்படித் தொடங்கியவர்களுக்கும் பிறகாவது இதே விளக்கம் போய்ச்சேர வேண்டும், பெரும்பாலும் போவதில்லை.

முதல் சில வாரங்களில் திரவம் வடிவது மெதுவானது. காரணம் மலச்சிக்கல். குடல் நிறைந்திருந்தால் கதீட்டரை அழுத்தும். மலமிளக்கியில் சரியானது.

ஐந்தாம் மாதம் ஒரு காலை பையின் பின்னால் எழுத்து தெரியவில்லை. வயிற்றில் லேசான வலி. காத்திருக்காமல் அந்தப் பையையே எடுத்துக்கொண்டு வந்தார். திரவத்தில் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100ஐத் தாண்டி, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்களாக இருந்தன, தொற்று உறுதி. அன்றே வயிற்றறைக்குள் ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தொடங்கினோம். கதீட்டரை எடுக்காமலேயே குணமானது. எப்படி வந்தது என்று திட்டாமல் கேட்டபோது சொன்னார்: துணி கொடுக்க வேண்டிய அவசரத்தில் சில நாள் தையல் அறையிலேயே மாற்றியிருக்கிறார். மறுபடி வீட்டிலேயே போய்ப் பயிற்சி கொடுத்தோம். அவசர நாளில் ஒரு மாற்றத்தைச் சில மணி நேரம் தள்ளிப்போடலாம், எங்களுக்கு ஒரு போன் போதும், ஆனால் இடத்தை மாற்றவே கூடாது என்று நேரத்தில் ஒரு வழி விட்டோம். அந்த வழியை முதலிலேயே சேர்த்துச் சொல்லித்தருவதை இப்போது வழக்கமாக வைத்திருக்கிறோம்.

பத்தாம் மாதத்தில் சிறுநீர் குறைந்தது, நான்காவது மாற்றம் சேர்ந்தது. இரவுப் பைக்கு, குளுக்கோஸுக்குப் பதிலாக ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் கலந்த திரவம் கொடுத்தபோது முதலில் அவருடைய குளுக்கோமீட்டரைப் பார்த்தோம். சில வகை மீட்டர்கள் இந்தத் திரவம் உடம்பில் இருக்கும்போது சர்க்கரையை உள்ளதை விட அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அவருடையது அந்த வகைதான். மாற்றிக் கொடுத்தோம், காரணத்தை மகனுக்கும் சொல்லி, அவர் கைப்பையில் அதை எழுதிய ஒரு அட்டையும் வைத்தோம்.

ஓர் ஆண்டு முடிந்த நிலையில் அவர் தைக்கிறார், முன்பை விடக் குறைவாக. மகன் கல்லூரிக்குப் போகிறான். களைப்பான நாட்கள் உண்டு, "ஒரு நாள் லீவு கிடையாதா சிஸ்டர்" என்று கேட்ட நாட்களும் உண்டு; ஏபிடிக்கு மாறலாமா என்ற பேச்சை அவரே மறுபடி எடுத்திருக்கிறார். வயிற்று டயாலிசிஸ் என்றைக்காவது போதாமல் போனால் ரத்த டயாலிசிஸுக்கு மாற வேண்டியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ரத்த டயாலிசிஸுக்காகக் கையின் ரத்தக் குழாய்களை இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலாவுக்காக, இடது கை ரத்தக் குழாய்களை இன்றும் காத்துவருகிறோம். ரத்தம் எடுக்க வருகிற யாரிடமும் வலது கையைத்தான் நீட்டுகிறார். மாற்றுச் சிறுநீரகத்துக்கான இதயப் பரிசோதனை முடிந்திருக்கிறது, மற்றவை நடந்துகொண்டிருக்கின்றன.